350 ஆல் வகுத்துப் பாருங்கள்: பெரிய பிளாஸ்ரிக் டைட்டானிக் ஒன்றைக் கட்டி முடிப்பது எப்படி?

டைட்டானிக் 269 மீற்றர் நீளம். அதை 350 ஆல் வகுத்தால் 77 சென்ரிமீற்றர். பரந்தனில் எங்கள் வீட்டு விறாந்தை மேசையில் ஒன்றரை வருடம் கிடந்தது அந்த 77 சென்ரிமீற்றர்தான். துண்டு துண்டாக ஒட்டிக் கட்டும் பிளாஸ்ரிக் மொடல், கனடாவில் இருக்கும் மச்சான் கார்கோவில் அனுப்பிய பெட்டி. கட்டி முடித்ததும் கிளிநொச்சியிலிருந்தும் புதுக்குடியிருப்பிலிருந்தும் பெடியள் வந்து பார்த்துவிட்டு, "அண்ணை, எங்க தொடங்கிறது?" என்று கேட்டார்கள். வாயால் சொல்லி முடிக்க இயலாத விஷயம், ஆகவே எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். உண்மைக் கப்பலில் ஒரு பொருள் எவ்வளவு பெரிது என்று தெரிந்தால், உடனே அதை 350 ஆல் வகுத்துப் பாருங்கள். 1.7 மீற்றர் உயரமான மனிதர் இந்த அளவில் 5 மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. ஒரு சம்பா அரிசியை நிமிர்த்தி வைத்தால் அவ்வளவுதான். எந்த நூல் தடிப்பு, எந்தக் கம்பி பெரிது, எதைச் செய்யாமலே விடலாம் என்று முடிவெடுக்க அந்த அரிசி ஆள்தான் உங்களுக்கு அளவுகோல்.

எந்த அளவு வாங்குவது?

டைட்டானிக் மொடல்கள் பல அளவுகளில் கிடைக்கின்றன. 1/700, அதாவது உண்மைக் கப்பலின் 700 இல் ஒரு பங்கு, என்றால் 38 சென்ரிமீற்றர், 1/400 என்றால் 67, 1/350 என்றால் 77. 1/200 என்றால் 134 சென்ரிமீற்றரைத் தாண்டும், ஒரு கட்டிலின் முக்கால் நீளம். முதல் பெரிய கப்பலுக்கு 1/400 அல்லது 1/350 போதும். 1/700 இல் கைப்பிடிக் கம்பிகள் கண்ணை எடுத்துவிடும். 1/200 ஐ வைக்க இடமும் வேண்டும், தூக்க இரண்டாவது ஆளும் வேண்டும்.

பெட்டியைத் திறக்கும் முன்பே வைக்கும் இடத்தை அளந்துவிடுங்கள். 1/350 கப்பலின் அகலம் 8 சென்ரிமீற்றர்தான், ஆனால் பாய்மரத் தூண் நுனிவரை 20 சென்ரிமீற்றருக்கு மேல் உயரம் வரும். தாங்கியும் சேர்த்தால் கண்ணாடிப் பெட்டி உள்ளளவு 95 நீளம், 22 அகலம், 32 உயரம் இருந்தால் வசதி.

எந்தக் கப்பல், எந்த நாள்?

பெட்டிப் படத்தை நம்பி வேலை செய்யாதீர்கள். டைட்டானிக்கும் அதற்கு முந்தைய வருடம் ஓடத் தொடங்கிய அக்கா கப்பலான ஒலிம்பிக்கும் தூரத்தில் பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். பல பழைய செற்றுகளில் இரண்டின் அடையாளங்களும் கலந்திருக்கும். பார்க்க வேண்டிய முக்கிய இடங்கள் இரண்டு. ஒன்று, ஏ தளத்து உலாவும் நடை: டைட்டானிக்கில் அதன் முன்பாதி யன்னல் வைத்து மூடியிருக்கும், ஒலிம்பிக்கில் முழு நீளமும் திறந்திருக்கும். மற்றது, அணியத்துக்கு, அதாவது கப்பலின் முன்நுனிக்குப் பக்கத்தில், கப்பலின் இடப்பக்கம், சி தளத்து வட்டச் சாளரங்கள்: டைட்டானிக்கில் 16, தொடக்க கால ஒலிம்பிக்கில் 14. பிளாஸ்ரிக்கை எண்ணிப் பாருங்கள். குறைந்தால் இரண்டு துளை கூடப் போடுவது சின்ன வேலை. பெயின்ற் அடித்த பிறகு கண்டுபிடித்தால் பெரிய வேலை.

நாளையும் தீர்மானியுங்கள். நான் 1912 ஏப்ரல் 10, சவுதாம்ப்டனை விட்டுப் புறப்பட்ட நாளை எடுத்தேன். கடலோட்டப் பரிசோதனை நடந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது, ஆகவே கப்பல் பளிச்சென்று இருக்க வேண்டும். துரு, கறை, உப்புப் படிவு ஒன்றும் இல்லை.

கழுவி, எண்ணி, பொருத்திப் பார்த்து

அச்சிலிருந்து கழன்று வருவதற்காகத் தொழிற்சாலையில் பூசும் எண்ணெய்ப்பசை துண்டுகளில் ஒட்டியிருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கொஞ்சம் கரைத்து, பழைய பற்தூரிகையால், துண்டுகள் ஒட்டியிருக்கும் சட்டத்தோடு சேர்த்துத் தேய்த்துக் கழுவி, நிழலில் காயவிடுங்கள்.

நிழல் என்று சொன்னதை இலேசாக எடுக்காதீர்கள். நான் முதல் தடவை கழுவிய உடற்கூட்டை வைகாசி வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். திரும்பி வரும்போது ஒரு பாதி வில்லுப்போல வளைந்திருந்தது. இந்தப் பிளாஸ்ரிக் கொதிநீர்ச் சூட்டுக்கு அண்மையில் நன்றாக இளகும். கறுப்புத் துண்டு நேர் வெயிலில் அதற்கு முன்னமே வளையத் தொடங்கிவிடும். வளைந்தால் பயப்பட வேண்டாம். கை பொறுக்கும் அளவை விடக் கொஞ்சம் சூடான தண்ணீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி, தட்டையான பலகையில் வைத்து மெதுவாக நிமிர்த்தி, அப்படியே பிடித்தபடி குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். எனக்கு நான்கு தடவை செய்யவேண்டி வந்தது.

பிறகு, பசை இல்லாமல் உடற்கூட்டையும் தளங்களையும் வைத்துப் பாருங்கள். எங்கே இடைவெளி, எங்கே தூக்கல் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

உடற்கூடு: மூடுமுன் முடிக்க வேண்டியவை

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள். தளங்களை ஒட்டிவிட்டால் கப்பலின் உள்ளே கை போகாது. உள்ளே செய்ய வேண்டியது மூன்று.

முதலாவது, தாங்கிக்கான நட். கூடவரும் பிளாஸ்ரிக் தாங்கி இவ்வளவு நீளமான கப்பலுக்கு உறுதி போதாது. ஏராவின், அதாவது கப்பலின் அடிமரத்தின், நடுக்கோட்டில், முன்னாலிருந்து நாலில் ஒரு பங்கிலும் பின்னாலிருந்து நாலில் ஒரு பங்கிலும் துளை போட்டு, உள்ளே 5 மில்லிமீற்றர் போல்ற்றுக்கான நட்டை ஒரு மரத்துண்டில் பதித்து எப்பொக்சியால் ஒட்டுங்கள். கட்டும் காலம் முழுக்கக் கப்பலை ஒரு பலகையில் முறுக்கி வைத்து வேலை செய்யலாம், கை பட்டு விழாது. முடிந்ததும் அதே துளையில் பித்தளைத் தாங்கி பூட்டலாம்.

இரண்டாவது, முதுகெலும்பு. நீளப் பிளாஸ்ரிக் நாளடைவில் முறுகும். உள்ளே அடியோடு ஒரு சதுர அலுமினியக் குழாயை முழு நீளத்துக்கும் ஒட்டுங்கள். யன்னல் பொருத்தும் கடைகளில் வெட்டுத்துண்டு சும்மா கேட்டாலே தருவார்கள்.

மூன்றாவது, வெளிச்சம் வைப்பதென்றால் அதன் வயர். உட்புறத்துக்கு முதலில் கறுப்பும் பிறகு வெள்ளியும் அடியுங்கள். கறுப்பு இல்லாவிட்டால் பிளாஸ்ரிக்கே விளக்குப்போல ஒளிரும், கப்பல் பொம்மையாகிவிடும். போன் சார்ஜர் தரும் 5 வோல்ற்றில் மஞ்சள் கலந்த வெள்ளை எல்.ஈ.டி. ஒவ்வொன்றுக்கும் 330 ஓம் தடை ஒன்று போட்டால் ஆறு மில்லி அம்பியர் அளவு போகும். அதுவே தாராளம், சூடும் ஏறாது. வயரைத் தாங்கித் துளை வழியாகவே வெளியே எடுங்கள்.

அதன் பிறகுதான் ஒட்டுதல். பிளாஸ்ரிக் சிமெந்து என்று விற்கும் தண்ணீர்போன்ற பசை உண்மையில் பசையல்ல, இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கும் கரைப்பான். ஆகவே இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்துவிட்டு, விளிம்பில் தூரிகை நுனியை வைத்தால் போதும், தானே உள்ளே ஓடிவிடும். ஒரேயடியாக முழு நீளமும் ஒட்டாதீர்கள். அணியத்தில் தொடங்கி, ஐந்து ஐந்து சென்ரிமீற்றராக, மாஸ்கிங் ரேப்பால் கட்டிக்கொண்டே பின்னோக்கிப் போங்கள். ஒரு இரவு காயட்டும். சுப்பர் குளூவை உலோகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மாரிகால ஈரத்தில் அது நொடியில் இறுகிவிடும், திருத்த நேரம் தராது.

வட்டச் சாளரங்கள்

அச்சில் பள்ளமாக மட்டும் இருக்கும் சாளரங்களைத் துளைக்க வேண்டுமா? வேண்டும். உண்மையில் அவை பெரும்பாலும் 9 முதல் 12 அங்குல விட்டம். வகுத்தால் 0.65 முதல் 0.87 மில்லிமீற்றர் வரும். கையால் சுழற்றும் சின்ன ட்ரில்லில் 0.7, 0.8 பிட்டுகள் இரண்டும் இருந்தால் சரி. முதலில் ஊசி முனையால் நடுவைக் குத்துங்கள், இல்லாவிட்டால் பிட் வழுக்கும். மின் ட்ரில் வேண்டாம், பிளாஸ்ரிக் உருகிப் பிட்டைச் சுற்றிக்கொள்ளும். ஒரு இரவுக்கு ஒரு வரிசை என்று நான் வைத்துக்கொண்டேன். கண்ணாடிக்கு, பெயின்ற் எல்லாம் முடிந்த பிறகு, மரவேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசையை ஈர்க்கு நுனியில் தொட்டுத் துளையில் இழுத்துவிட்டால் காய்ந்து தெளிந்துவிடும்.

தகட்டு மூட்டுகளும் முல்லைத்தீவுக் கப்பலும்

2006 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையில் ஒரு யோர்தான் சரக்குக் கப்பல் தரைதட்டியது. பெரிய கப்பல் ஒன்றைக் கிட்ட நின்று பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. சனம் பட்ட பாட்டையெல்லாம் பார்த்தபடி பல வருடம் அது அங்கேயே நின்றது, பிறகு இரும்புக்காக வெட்டியெடுத்துவிட்டார்கள். இருபது முப்பது அடி தூரத்தில் நின்றபோது தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையிலான கோடு தெரிந்தது. கரையால் நடந்து நூறு மீற்றர் விலகியதும் அந்தக் கோடு மறைந்து, துரு வழிந்த தடம் மட்டும்தான் தெரிந்தது. மொடலைக் கையில் எடுக்கும்போது நான் அதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

டைட்டானிக்கின் உடற்தகடு ஏறக்குறைய ஒரு அங்குலம் தடிப்பு. 350 ஆல் வகுத்தால் 0.07 மில்லிமீற்றர், ஒரு தலைமயிர்த் தடிப்பு. அச்சில் வரும் தகட்டு மேடுகளோ அதைவிடப் பல மடங்கு உயரம். கப்பலில் முப்பது இலட்சத்துக்கும் மேல் தறையாணிகள் இருந்தன, உண்மைதான், ஆனால் இந்த அளவில் அவை கண்ணுக்குத் தெரியவே கூடாது. ஆகவே 600 இலக்கச் சான்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, மேடுகளை முழுக்க அழிக்காமல், விரல் வைத்தால் மட்டும் உணரும் அளவுக்குக் குறையுங்கள். மூட்டு இடைவெளிகளுக்கு வாகனம் பெயின்ற் அடிக்கும் கராஜில் பாவிக்கும் மெல்லிய புட்டி நல்லது. 400, 600, 1000 என்று வரிசையாகத் தேய்த்து, சாம்பல் பிரைமர் ஒரு பூச்சு. பிரைமர் அடித்ததும் மறைந்திருந்த கீறல் எல்லாம் வெளியே வரும். திரும்பவும் புட்டி, திரும்பவும் பிரைமர். எனக்கு மூன்று சுற்று.

நிறம்

எங்கள் காலநிலைக்கு ஏற்பத்தான் ஸ்ப்ரே அடிக்க வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் மத்தியானம் அடித்தால் பெயின்ற் கப்பலைத் தொடுமுன் காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாக விழும், செம்மண் புழுதியும் கூடச் சேரும். விடியக் காலை, நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு, ஆறுக்கும் ஒன்பதுக்கும் இடையில் அடியுங்கள். மாரியில் ஈரம் கூடிய நாளில் தின்னர் சேர்ந்த பெயின்ற் அடித்தால் வெள்ளை பூத்து மங்கிவிடும். அந்த நாட்களைத் துளை போடுவதற்கும் படகு கட்டுவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

உடற்கூட்டின் வரிசை இதுதான்: வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கடைசியாகக் கறுப்பு. இளநிறத்தின் மேல் கடுநிறம் மூடும், மறுபக்கமாக மூடாது. வெள்ளை காய்ந்ததும், வெள்ளை முடியும் விளிம்பில் ஓடும் மஞ்சள் மேற்கோடு வரும் இடத்தில் பொன்மஞ்சள் அடித்து, அதன் மேல் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக வெட்டிய ரேப் இழையை ஒட்டுங்கள். இந்தக் கோடு தளத்தின் வளைவோடு போகும், நேர்கோடு அல்ல. நிலத்தில் முகத்தை வைத்து அணியத்திலிருந்து பின்னோக்கி ஒரு கண்ணால் பாருங்கள். நெளிவு இருந்தால் உடனே தெரியும்.

நீர்மட்டக் கோடு மட்டும் கட்டாயம் நேராக இருக்க வேண்டும். கப்பல் நீரில் அமிழ்ந்திருந்த ஆழம் ஏறக்குறைய 10.5 மீற்றர், எங்களுக்கு 3 சென்ரிமீற்றர். கப்பலைச் சமமான மேசையில் மட்டமாக வைத்து, ஒரு மரக்கட்டையில் பென்சிலை 3 சென்ரிமீற்றர் உயரத்தில் கட்டி, கட்டையைக் கப்பலைச் சுற்றி நகர்த்துங்கள். பென்சில் தானே கோடு போடும். இதைவிட நேரான முறை நான் காணவில்லை. கோட்டுக்கு மேலே ரேப் ஒட்டி, கீழே சிவப்பு. சிவப்பு காய்ந்ததும் அதை மூடிவிட்டுக் கறுப்பு. ரேப் விளிம்பால் கசியாமல் இருக்க, முதலில் அடியில் இருக்கும் நிறத்தையே விளிம்பில் ஒரு மெல்லிய பூச்சு அடித்து அடைத்துவிட்டு, அதன்மேல் புது நிறத்தை அடியுங்கள்.

சுத்தக் கறுப்பும் சுத்த வெள்ளையும் வேண்டாம். தூரத்தில் நிற்கும் கப்பலின் நிறத்தைக் காற்று கொஞ்சம் மங்கச் செய்யும். கறுப்பில் பத்தில் ஒரு பங்கு சாம்பல், வெள்ளையில் ஒரு துளி மஞ்சட்பழுப்பு கலந்தால் சின்னப் பொருள் என்ற உணர்வு போய்விடும்.

தளங்கள், புகைபோக்கிகள்

தளப் பலகைக்குச் செங்கபிலம் அடிக்காதீர்கள். புதிதாக இழைத்த பைன் பலகை வெளிர் மஞ்சள்தான். முழுத் தளத்துக்கும் ஒரு நிறம் அடித்து, ஆங்காங்கே சில பலகைகளை மட்டும் ஒரு சாயல் கூட்டியும் குறைத்தும் சின்னத் தூரிகையால் தொட்டுவிடுங்கள். முதலில் தளம், பிறகு ரேப்பால் மூடிவிட்டு வெள்ளைச் சுவர். காற்றுவாங்கிகளின் வாயை ட்ரில்லால் குடைந்து உட்புறத்துக்குக் கடுநிறம் வைத்தால் தளம் முழுக்க உயிர் வந்துவிடும்.

நான்கு புகைபோக்கிகளில் மூன்றுதான் 29 கொதிகலன்களின் புகையை வெளியே விட்டவை. நான்காவது பெரும்பாலும் காற்றோட்டத்துக்கு. ஆகவே கரி வைப்பதென்றால் முன் மூன்றின் உள்வாயில் மட்டும் வையுங்கள். நான்கும் ஒரே சரிவில் சாய வேண்டும். ஒரு காட்போட் அட்டையை அந்தச் சரிவில் வெட்டி வைத்துக்கொண்டு, பசை காயுமுன் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அரைப் பாகை பிழைத்தாலும் பக்கவாட்டில் பார்ப்பவருக்கு முதலில் தெரிவது அதுதான்.

கைப்பிடிக் கம்பிகள்

உண்மைக் கம்பி ஒரு மீற்றர் சொச்ச உயரம், எங்களுக்கு 3 மில்லிமீற்றர். பிளாஸ்ரிக்கில் இதைச் செய்தால் வேலிக்கதியால் போலிருக்கும். இரசாயனத்தில் அரித்தெடுத்த பித்தளைத் தகட்டுச் செற் தனியாக வாங்குங்கள். காசு போகும், ஆனால் இந்த மொடலில் வேறு எதற்குச் செலவழித்தாலும் இந்த அளவு பலன் வராது.

சட்டத்தில் இருக்கும்போதே வெள்ளை அடித்துவிடுங்கள். வெட்டும்போது மாபிள் துண்டொன்றின் மேல் வைத்துப் புது பிளேட்டால் ஒரே அழுத்து. மெத்தென்ற பலகையில் வைத்தால் கம்பி வளையும். இரண்டு உருக்கு அடிமட்டங்களுக்கு இடையில் பிடித்து மூலையை மடித்து, சாமணத்தால் இடத்தில் வைத்துப் பாருங்கள். நீளம் சரி என்றால், நேர்ப்பகுதிக்கு வெள்ளைப் பசை, மூலைக்கு மட்டும் ஊசி நுனியில் சுப்பர் குளூ ஒரு புள்ளி. வெள்ளைப் பசை நகர்த்த நேரம் தரும், மிஞ்சியது ஈரத் தூரிகையால் துடைபடும். கப்பலின் நடுவில் தொடங்கி வெளிவிளிம்புக்கு வாருங்கள். வெளியில் முதலே ஒட்டிவிட்டால் முழங்கை பட்டுப் போய்விடும்.

படகுகள்

இந்த இடத்தில் நான் அவசரப்படவில்லை. மொத்தம் 20 உயிர்காப்புப் படகுகள்: 30 அடி மரப்படகுகள் 14, அவசரத்துக்கான சின்னப் படகுகள் 2, மடக்குப் படகுகள் 4. மடக்குப் படகுகளில் இரண்டு சின்னப் படகுகளுக்குப் பக்கத்தில் தளத்திலும் மற்ற இரண்டு அதிகாரிகள் தங்கும் அறைகளின் கூரையிலும் இருக்கும். சில செற்றுகளில் கூரைப் படகுகளை விட்டிருப்பார்கள். ஒரு 30 அடிப் படகு எங்களுக்கு 26 மில்லிமீற்றர். படகுகளை இறக்கும் 16 சோடித் தூக்குக் கைகளையும் பித்தளையில் செய்துவிட்டுப் படகுகளை அவற்றுக்கு உள்ளே தளத்தில் உட்கார வையுங்கள், தொங்கவிட வேண்டாம். எல்லாப் படகும் சேர்ந்து 1178 பேருக்குத்தான் இடம். கப்பலில் இருந்தது 2200 பேரளவில். இருபதையும் ஒட்டி முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது, அந்த நீண்ட தளத்தில் படகே இல்லாமல் எவ்வளவு இடம் வெறுமையாகக் கிடக்கிறது என்று தெரிந்தது. கடலோரத்துச் சனத்துக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கயிறுகள்

முல்லைத்தீவில் ஒரு அண்ணையிடம் வாங்கிய ஆக மெல்லிய தங்கூசியைத்தான் முதலில் கட்டினேன். 0.2 மில்லிமீற்றர். ஆனால் 350 ஆல் பெருக்கினால் 7 சென்ரிமீற்றர் தடிப்பான கம்பி. மாட்டுக் கயிறு போலத் தெரிந்தது, முழுவதையும் வெட்டியெடுத்தேன். புகைபோக்கியை இழுத்துக் கட்டும் கம்பி ஒரு அங்குலமளவில்தான் இருக்கும், ஆகவே 0.07 மில்லிமீற்றர் வேண்டும்.

அதற்குக் காசு தேவையில்லை. துண்டுகளை வெட்டியெடுத்த பின் மிஞ்சும் பிளாஸ்ரிக் சட்டத்தில் ஒரு சாண் எடுத்து, மெழுகுதிரிச் சுடருக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் பிடித்து உருட்டுங்கள். நடுப்பகுதி மினுங்கி இளகியதும் சுடரை விட்டு வெளியே எடுத்து, ஒரு மூச்சு பொறுத்து, இரண்டு கையையும் விரித்து ஒரே சீராக இழுங்கள். மெதுவாக இழுத்தால் தடிப்பு, வேகமாக இழுத்தால் மெல்லிசு. பத்துத் தடவை இழுத்தால் மூன்று சரிவரும். மயிரோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள். இரண்டு நுனியையும் ஒட்டிக் காய்ந்த பிறகு, அணைத்த ஊதுபத்தியின் கங்கை அருகே கொண்டுபோனால் இழை தானே சுருங்கி இறுகும். தொட்டால் அறுந்துவிடும், கவனம். இரண்டு தூண்களுக்கும் இடையில் ஓடும் கம்பியில்லாத் தந்தியின் நீண்ட இழைகளுக்கு மட்டும் நீளக்கூடிய லைக்ரா நூல் நல்லது, பல்லி ஏறினாலும் அறாது.

கண்ணாடிக்குள்

கடைசிப் பூச்சாக அரைமினுக்கம் உள்ள வார்னிஷ் மெல்லியதாக ஒன்று. முழு மினுக்கம் அடித்தால் பீங்கான் பொம்மை போலாகிவிடும். கண்ணாடிப் பெட்டியின் அடியில் விளிம்பைச் சுற்றி மெல்லிய பஞ்சு நாடா ஒட்டினால் புழுதியும் எறும்பும் போகாது. யன்னலுக்கு எதிரே வைக்க வேண்டாம், வெள்ளை ஒரு வருடத்தில் மஞ்சளாகும். இடம் மாற்றுவதென்றால் கப்பலைத் தாங்கியோடு கழற்றாமல் மடியில் வைத்து ஓட்டோவில் போங்கள். ஏ9 தெருவில் பரவாயில்லை, உள்வீதியில் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.

மூடுமுன் நான் ஆட்களை வைத்தேன். அரிசி அளவு ஆட்கள் பதினெட்டுப் பேர். பின்தளத்தில், மூன்றாம் வகுப்புக்காரர் காற்று வாங்கும் இடத்தில், பிள்ளையைத் தூக்கிய ஒரு தாயும் இருக்கிறா. அவவை ஒட்டச் சாமணம் நடுங்கியது, நாலாம் தடவைதான் நேராக நின்றா.